சிமெண்டில் பிறந்த லேத்து

சென்ற வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை என் தங்கை மகன் வந்து, "மாமா! உங்கள் வீட்டுக் கொல்லையில் எனக்கு ஆறடி இடம் வேண்டும்" என்றான்.

ஆறடி இடம் என்றதும் என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விடியற்காலையில் என்ன பேச்சடா இது?" என்று கடிந்து கொண்டாள். பையன் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீர்கள், அத்தை! ஒரு லேத்து வார்க்கப் போகிறேன். அதற்குத்தான் இடம்" என்றான்.

லேத்து வாங்குவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாடகைக்கு எடுப்பது என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். லேத்தை வார்ப்பது என்பது எனக்குப் புதுமையாயிருந்தது. அதிலும், அவன் வார்க்கப் போவது இரும்பால் அல்ல, சிமெண்டுக் கலவையால் என்றபோது, பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்ததன் பலன் இதுதானா என்று ஒரு கணம் சந்தேகம் உண்டாயிற்று. அந்தச் சந்தேகம் முற்றும் தவறு என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

லேத்து என்பது குயவனுடைய சக்கரத்தைப் படுக்க வைத்தாற் போன்ற ஒரு யந்திரம். அதில் இரும்புத் துண்டு சுழல்கிறது. கூரிய உளி அதன்மேல் சீவிக்கொண்டே நகர்கிறது. கிணற்றுப் பம்பின் அச்சு, மாவு மில்லின் புஷ், மோட்டார் வண்டியின் திருகாணி எல்லாம் ஏதோ ஒரு லேத்தில் பிறந்தவைதான். யந்திரங்களுக்கெல்லாம் தாய் என்று அதைச் சொல்வது மிகையல்ல. ஆனால் இந்தத் தாயைப் பெறுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. லேத்து செய்ய வேண்டுமானால் முதலில் ஒரு லேத்து வேண்டும். அது மட்டுமா? உளியும் தலைப்பாகமும் உட்கார்ந்திருக்கும் நீண்ட அடித்தளம் ஒன்று உண்டு. பட்டறைக்காரர்கள் அதைப் 'பெட்' என்கிறார்கள். அதை வார்ப்பிரும்பில் வார்ப்பதற்கு ஒரு பவுண்டரி வேண்டும். வார்த்ததைச் சீவிச் சமப்படுத்த லேத்தைவிடப் பெரிய வேறொரு யந்திரம் வேண்டும். பவுண்டரியும் பெரிய யந்திரமும் உடையவன் சிறு லேத்துக்காக ஏன் தவிக்கப் போகிறான்?

இந்தச் சங்கடம் என் மருமானுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. முதல் உலக யுத்தத்தின்போது வல்லரசுகளுக்கே ஏற்பட்டது. 1915-ஆம் வருஷம் மே மாதத்தில் இங்கிலாந்தில் பீரங்கிக் குண்டுப் பஞ்சம் வந்து, அதன் காரணமாக மந்திரி சபையே மாற்றி அமைக்கப்பட்டது. குண்டு வேண்டுமானால் அதைக் கடைய லேத்துகள் வேண்டும். லேத்துகளோ கேட்டவுடன் கிடைக்கிற சரக்கல்ல. அச்சமயம் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தைச் சேர்ந்த லூசியன் யோமன்ஸ் என்னும் எஞ்சினீயர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். குண்டு கடையும் லேத்துகளின் கனத்த அடிப்பாகத்தைச் சிமெண்டுக் கான்கிரீட்டினால் வார்த்துவிட்டார்.

"கான்கிரீட்டை நூலிழை பிசகாமல் வார்க்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. யோமன்ஸ் அதற்கு முயலவே இல்லை. அங்கேதான் அவருடைய புத்திசாலித்தனம் இருக்கிறது. கான்கிரீட்டைச் சுமாரான அளவுக்கு வார்த்து, உலோகப் பாகங்கள் வரவேண்டிய இடங்களில் மட்டும் பள்ளம் விட்டுவைத்தார். கான்கிரீட் நன்றாக இறுகிய பிறகு, அந்தப் பாகங்களைப் பள்ளத்தில் நிறுத்தி, சரியான நிலைக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் உள்ள இடைவெளியில் ஆறும்போது சுருங்காத உலோகத்தை உருக்கி ஊற்றினார். ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில் எழுத்து வார்ப்பவர்கள் ஈயத்தோடு ஆண்டிமனியைச் சேர்த்ததும் இதே காரணத்துக்காகத்தான்: எழுத்து ஆறும்போது சுருங்கி மூக்கும் காலும் மழுங்கிவிடக் கூடாது. ஆக, யோமன்ஸின் லேத்தில் நேர்மை என்பது கான்கிரீட்டில் இல்லை. கடைசியில் ஊற்றிய அந்த மெல்லிய உலோகத்தில் இருந்தது. கான்கிரீட்டின் வேலை அசையாமல் கிடப்பது ஒன்றுதான்.

அசையாமல் கிடப்பது எளிய வேலை என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு அம்மியைப் பாருங்கள். அதை மரப்பலகையில் செய்து வைத்தால் மிளகாய் அரைபடுமா? பலகை அல்லவா துள்ளும்! லேத்திலும் உளி இரும்பைச் சீவும்போது யந்திரம் முழுவதும் அதிர்கிறது. அந்த அதிர்ச்சி அடங்காவிட்டால் கடைந்த இரும்பின்மேல் மணலில் அலை அடித்தாற்போல் வரிவரியாய் விழும். தண்டவாளத் துண்டைச் சுத்தியால் தட்டினால் கணீரென்று வெகு நேரம் ஒலிக்கிறது. கான்கிரீட்டுக் கட்டையைத் தட்டினால் தொம்மென்று ஒரே சப்தத்தோடு அடங்கிவிடுகிறது. கடைசல் வேலைக்குச் சங்கீதம் தெரியாத இந்தக் கட்டைதான் உகந்தது.

கனம் குறைவு, வளைந்து கொடுக்குமே என்றால், அதற்கும் கணக்கு இருக்கிறது. வார்ப்பிரும்பின் விறைப்பு நல்ல கான்கிரீட்டின் விறைப்பைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எடையும் மூன்று மடங்கு. ஆனால் ஒரு சட்டத்தின் உயரத்தை இரட்டித்தால் அது வளையாமல் நிற்கும் சக்தி எட்டு மடங்காகிறது. ஆகையால் இரும்புப் பெட்டைப்போல் ஒன்றரை மடங்கு உயரத்தில் கான்கிரீட்டை வார்த்துவிட்டால் விறைப்பில் இரும்புக்கு ஈடாகிவிடும். அப்போதும் எடை அதில் பாதிதான். இதைவிடப் பெரிய அதிருஷ்டம் ஒன்று உண்டு. வெயிலில் இரும்பும் கான்கிரீட்டும் அநேகமாக ஒரே அளவில் விரிகின்றன. பத்து டிகிரி உஷ்ணம் ஏறினால் இரண்டுமே மீட்டருக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளும். இவ்விரண்டும் இப்படி ஒத்துப்போகாமல் இருந்தால், கம்பி கட்டிய கான்கிரீட் என்ற பொருளே உலகத்தில் இருந்திராது.

இனிக் கொல்லைக்கு வருவோம்.

நான்கடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்பது அங்குல உயரம் என்று பையன் கணக்கிட்டிருந்தான். மூன்று கன அடி. எடை சுமார் 200 கிலோ. ஒரு மூட்டைச் சிமெண்டு 50 கிலோ, சன்னமான மணல் 50 கிலோ, கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லி 80 கிலோ, சிலிக்காப் புகைத்தூள் 5 கிலோ, தண்ணீர் 15 லிட்டர், குழைவு மருந்து ஒரு லிட்டர் என்று ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினான். சமையல் குறிப்பு என்று எண்ணி அதைப் படித்த என் மனைவி, "தண்ணீர் போதாது" என்று உடனே தீர்ப்புக் கூறினாள். உதவிக்கு வந்த மேஸ்திரியின் அபிப்பிராயமும் அதுவே.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீடு கட்டும்போது ஒரு மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர் வரையில் தண்ணீர் விடுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் சிமெண்டு கல்லாவதற்கு உண்மையில் உட்கொள்ளும் தண்ணீர் அதில் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் கலவையைக் குழைவாக்குவதற்காக விடுவது. அந்த உபரி நீர் பிறகு ஆவியாய்ப் போகும்போது தான் இருந்த இடத்தைக் காலியாக விட்டுப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டைகள்தான் கான்கிரீட்டின் பலவீனம். 1918-இல் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் ஆயிரக்கணக்கான உருளைகளை வார்த்து நசுக்கிப் பார்த்து இந்த உண்மையை ஸ்தாபித்தார்: கலவையில் தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வலிமை ஏறும். அவர் இந்த ஆராய்ச்சி செய்ததும் யோமன்ஸின் சிகாகோவில்தான். அங்கிருந்த லூயிஸ் இன்ஸ்டிட்யூட்டில்.

தண்ணீரைக் குறைத்தால் கலவை கிளற முடியாமல் போகுமே, அதற்கு என்ன வழி? ஏப்ரம்ஸ் காலத்தில் வழி இல்லை. 1960-களில் ஜப்பானியரும் ஜெர்மானியரும் கண்டுபிடித்த குழைவு மருந்துகள்தான் வழி காட்டின. சிமெண்டுத் துகள்கள் தண்ணீரில் பட்டதும் கூழில் கட்டி தட்டுவதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் தண்ணீரும் சிறைப்பட்டுவிடும். இந்த மருந்து துகள்களை ஒன்றையொன்று விலகச் செய்து, சிறைப்பட்ட தண்ணீரை விடுவிக்கிறது.

சிலிக்காப் புகைத்தூள் வேறு ஒரு சமாசாரம். சிலிக்கான் உலோகம் உருக்கும் உலைகளின் புகைபோக்கியில் படியும் சாம்பல் நிறத் தூள் அது. சிமெண்டைவிட நூறு மடங்கு நுண்மையானது. 1950-களில் நார்வேக்காரர்கள் இதைக் கான்கிரீட்டில் சேர்த்துப் பரீட்சை செய்தார்கள். ஒரு படியில் நெல்லிக்காயைக் கொட்டி, இடுக்குகளில் மிளகைக் கொட்டி, மிளகின் இடுக்குகளில் கடுகைக் கொட்டினால் படி எப்படி நிறையுமோ, அப்படி ஜல்லியின் இடுக்கை மணலும், மணலின் இடுக்கைச் சிமெண்டும், சிமெண்டின் இடுக்கை இந்தத் தூளும் நிரப்புகின்றன. அதோடு, சிமெண்டு இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்பை இது பிடித்துக்கொண்டு அதையும் கல்லாக மாற்றுகிறது. நம் முன்னோர்கள் சுண்ணாம்போடு செங்கல் தூளாகிய சுர்க்கியைச் சேர்த்ததும் இதே ரசாயனத்தை நம்பித்தான். 1895-இல் முடிந்த பெரியாறு அணை அந்தச் சுண்ணாம்புச் சுர்க்கிக் காரையில்தான் நிற்கிறது.

எல்லாம் சரி, முதல் வார்ப்பு பாழாய்ப் போயிற்று.

அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சித்திரை வெயிலில் பகல் பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். வாடகைக்குக் கொண்டுவந்த சிறு கலவை யந்திரத்தில் எல்லாவற்றையும் போட்டுச் சுழற்றியபோது ஈர மணலைப்போல் பொலபொலவென்று உருண்டதே தவிர ஒன்று சேரவில்லை. மூன்று நிமிஷம் ஆயிற்று, நான்கு ஆயிற்று. மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி! முப்பது வருஷமாய்க் கலவை போடுகிறேன். தண்ணீர் இல்லாமல் சிமெண்டு சேர்ந்ததை நான் பார்த்ததில்லை" என்று சொல்லிக்கொண்டே அரை வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார். கலவை உடனே பாயசமாயிற்று. ஜல்லி அடியில் தங்க, மேலே பால் மிதந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், பையனைத் தவிர. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மேல்தோல் நகத்தால் கீறினால் மாவாய் உதிர்ந்தது. நடுவில் குறுக்கே மயிரிழைபோல் ஒரு விரிசல். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. சீட்டுப் பணத்தில் அவன் அம்மா கொடுத்ததில் ஒரு பகுதி அங்கே கல்லாய்க் கிடந்தது. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் தானாகவே எழுந்து மறுபடியும் மரச்சட்டம் அடிக்க ஆரம்பித்தான். இம்முறை விடியற்காலை நாலரை மணிக்கு வேலை. முதல் நாள் இரவே மண்பானையில் குளிர வைத்த தண்ணீர், பதினைந்து லிட்டருக்கு மேல் ஒரு சொட்டு இல்லாமல் அளந்து வைக்கப்பட்டது. மற்ற வாளிகளையெல்லாம் என் மனைவி சமையலறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். யந்திரம் சுழன்றது. பழையபடி ஈர மணல். ஐந்து நிமிஷம். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஏழாவது நிமிஷம் இருக்கும், பொலபொலப்பு உருண்டைகளாயிற்று, உருண்டைகள் ஒன்றையொன்று விழுங்கின, திடீரென்று முழுவதும் பளபளவென்று இட்லி மாவைப்போல் இளகிப் புரண்டது! ஒரு துளி தண்ணீர் கூடச் சேர்க்கவில்லை. மேஸ்திரி கரண்டியில் கொஞ்சம் எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதை நான் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், தம்பி" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு அப்போது உண்டான மரியாதை கொஞ்சமல்ல.

மரச்சட்டத்தின் உட்புறம் மெழுகு தடவியிருந்தது. உள்ளே கம்பிக் கூடும், நீளவாட்டில் நான்கு குழாய்களும் இருந்தன. குழாய்கள் எதற்கு என்றால், கான்கிரீட்டை நசுக்குவது கடினம்; இழுத்துப் பிளப்பது சுலபம். நசுக்கலைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குதான் அது இழுப்பைத் தாங்கும். ஆகையால் இறுகிய பிறகு குழாய்களின் வழியே மரை வெட்டிய கம்பிகளைச் செலுத்தி, இரு முனைகளிலும் தகடு வைத்து முடுக்கிவிட்டால், அந்தக் கட்டை எப்போதும் நெருக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். பிளப்பதற்கு இடம் ஏது? பிரெஞ்சு தேசத்து எஞ்சினீயர் யூஜீன் ஃப்ரெய்ஸினே 1928-இல் இந்த முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். காய்ச்சிய இரும்புப் பட்டையை மரச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீரில் நனைத்து, ஆரைகள் கிறீச்சிட இறுக்கும் நம் ஊர் வண்டிப் பட்டறைக்காரருக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

கலவையைக் கொட்டிச் சட்டத்தை அதிரவைத்ததில் காற்றுக் குமிழிகள் பொங்கி வந்து வெடித்தன. குமிழி நின்றதும் நிறுத்திவிட வேண்டும்; அதிகமாய் அதிரவைத்தால் ஜல்லி அடியில் போய்விடும். உடனே பிளாஸ்டிக் தாளால் மூடினான். இத்தனை வறண்ட கலவைக்கு அரை மணி நேர வெயிலும் காற்றும் போதும், மேல்தோல் வெடித்துவிட. மறுநாளிலிருந்து ஈரச் சாக்கு, இருபத்தெட்டு நாள். என் மனைவி துளசிக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் அதற்கும் ஒரு செம்பு விட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக் கூரைக்குப் போடும் கான்கிரீட் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3,000 பவுண்டு பாரம் தாங்குகிறது. இம்மாதிரி கலவை 12,000 பவுண்டைத் தொடும். ஆனால் லேத்துக்கு இந்தப் பலமெல்லாம் வேண்டியதே இல்லை. அதன்மேல் யானையா ஏறப்போகிறது? வலிமை நான்கு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்குகூட ஆவதில்லை. பின் எதற்கு இவ்வளவு பாடு என்றால், ஓட்டை குறைந்த கான்கிரீட் காலப்போக்கில் குறைவாகச் சுருங்கும், குறைவாகத் தளரும், எண்ணெயை உறிஞ்சாது, பதித்த திருகாணியைப் பிடித்த பிடி விடாது. அதற்காகத்தான்.

சுருக்கம்தான் உண்மையான சத்துரு. சாதாரணக் கான்கிரீட் உலரும்போது மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் வரையில் குறுகிவிடுகிறது. லேத்து வேலையோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பற்றிய விவகாரம். ஆகையால் ஈரச் சாக்கை எடுத்த பிறகும் பையன் அவசரப்படவில்லை. கட்டையை நிழலில் போட்டு ஐந்து மாதம் சும்மா இருந்தான். சுருங்குவதெல்லாம் சுருங்கட்டும், கோணுவதெல்லாம் கோணட்டும் என்று விட்டுவிட்டான். பிறகுதான் யோமன்ஸின் வித்தை.

கட்டையின் மேல் விட்டிருந்த இரண்டு நீண்ட பள்ளங்களில் எஃகுப் பட்டைகளைச் சிறு திருகாணிகளின்மேல் உட்கார்த்தினான். ரசமட்டத்தையும் நேர்ச்சட்டத்தையும் வைத்து ஒவ்வொரு திருகாணியையும் இம்மியளவு ஏற்றியும் இறக்கியும் மூன்று இரவுகள் கழிந்தன. பகலில் வெயில் பட்டால் அளவு மாறிவிடுகிறதாம். இரண்டு பட்டைகளும் ஒரே சமதளத்துக்கு வந்ததும், அடியில் உள்ள இடைவெளியில் சலவைக்கல் மாவு கலந்த எபாக்ஸிப் பசையை ஊற்றினான். யோமன்ஸ் உருக்கிய உலோகத்துக்குப் பதில் இது. இரும்பையே விட்டுவிட்டுக் கருங்கல் நொறுக்கையும் எபாக்ஸியையும் கலந்து யந்திர அடித்தளம் வார்க்கும் கம்பெனிகளும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ஸ்டூடர் சாணை யந்திரங்கள் அப்படிப்பட்டவை.

"நேர்ச்சட்டம் நேராயிருக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன். அவன் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தினால் ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் இருந்துகொண்டு ஏமாற்றலாம். மூன்று தகடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஏமாற்ற வழியில்லை. மூன்றும் சமதளமாகத்தான் இருந்தாக வேண்டும். ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோ நகரில் அறிஞர்கள் சபையில் இதை எடுத்துரைத்தார். எந்த யந்திரத்தின் தயவும் இல்லாமல், வெறும் கையாலும் பொறுமையாலும் சமதளத்தை உண்டாக்கும் வழி அது.

தைப்பூசத்துக்கு மறுநாள் மோட்டாரை முடுக்கினான். அரையடி நீளமுள்ள இரும்புத் தடி ஒன்றைக் கடைந்து இரு முனைகளையும் அளந்தபோது நூறில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. எனக்கு அது பிரமாதமாய்ப் பட்டது. அவன் முகத்தைச் சுளித்தான். தலைப்பாகத்தைத் தளர்த்தித் திருப்பி, மறுபடியும் கடைந்தான். மாலைக்குள் அந்த மூன்று ஒன்றாயிற்று. கடைந்த தடியின்மேல் வரி ஒன்றும் இல்லை. மறுவாரம் பக்கத்துத் தோட்டக்காரர் பம்புக்கு ஒரு புஷ் கடைந்து கொடுத்து முதல் கூலி வாங்கி, அதை அப்படியே அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பாழாய்ப் போன முதல் கட்டையை எடுத்துப் போட ஆள் கேட்டபோது என் மனைவி விடவில்லை. கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாக அது இப்போது கிடக்கிறது. மேஸ்திரி எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை.